தம்பியா, தங்கச்சியா?

"சுத்தியலைக் கீழே வை!" என்று போஹோங் போட்ட சத்தத்தில் போன வாரம் நான்காவது மாடி வீடே அதிர்ந்தது. பாவம் ரோச்சிங், அப்படி என்ன செய்துவிட்டாள்? பதினோரு வயதுப் பெண். புதிதாக வந்த ஹாம்ஸ்டருக்கு ஒரு கூண்டு, கூண்டை வைக்க ஒரு பலகை, பலகைக்கு நாலு ஆணி. அதற்குப் போய்ப் பெற்ற அப்பா இப்படிக் கத்துவாரா?

கத்துவார். ஏனென்றால் அவர் மனைவி யாவென் உண்டாகியிருக்கிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது, கட்டிலில் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது, பெரிய சாமானை இடம் மாற்றக் கூடாது. பிள்ளையைக் காக்கிற சாமி எந்த மூலையில் உட்கார்ந்திருக்குமோ, யார் கண்டது? முதல் மூன்று மாதம் விஷயத்தை வெளியே மூச்சு விடவும் கூடாது. தைவானில், கீலுங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற போஹோங், சாமி பூதம் என்று எதையும் சட்டை செய்யாத மனிதர். இதில் மட்டும் ஒன்று விடாமல் பார்த்தார்.

மூன்று மாதம் முடிந்துவிட்டது. இன்னும் ரோச்சிங்கிடம் சொல்லவில்லை. வருஷப் பிறப்பு விருந்தன்று சொல்லிக்கொள்ளலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் தள்ளிப்போடுகிறார்கள். எல்லாம் பயம்தான். ரோச்சிங்கைப் பெற்றவள் தாவ்யுவானில் வேறொருவரைக் கட்டிக்கொண்டு, அங்கே ஒரு பையனும் பிறந்த பிறகு, சனி ஞாயிறு மகள் அங்கே போய்வருவது மெல்ல மெல்ல நின்றே போயிற்று. அப்படி ஒரு முறை அடிபட்ட பெண்ணிடம் இங்கேயும் ஒரு குழந்தை வருகிறது என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் சொல்லாமல் விட்டதில் அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது இதுதான்: என் ஹாம்ஸ்டருக்கு இந்த வீட்டில் நாலு ஆணிக்குக்கூட இடமில்லை. அன்றிலிருந்து அவள் சித்தியோடு பேசவில்லை. கத்தியது அப்பா, தண்டனை சித்திக்கு. உலகம் அப்படித்தான் இருக்கிறது!

இன்று காலை அந்த மௌனம் உடைந்தது.

"சித்தி! கொஞ்சம் இங்க வாங்களேன்!"

அடுப்படியில் முட்டை ரொட்டி திருப்பிக்கொண்டிருந்த யாவெனுக்குக் கரண்டி கையைவிட்டு நழுவப் பார்த்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

ரோச்சிங் சில்லென்றிருந்த கூடத்தில், தலைக்கு மேலே ஒரு பெரிய தேநீர்க் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடையில் பால்தேநீர் ஊற்றித் தருவார்களே, அந்தக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கோப்பை. உள்ளே லூதான். சோயாவில் வெந்த முட்டை நிறம் என்பதால் அந்தப் பேர். தைனானுக்கு வீடு மாறிப் போன வகுப்புத் தோழி விட்டுப் போன ஹாம்ஸ்டர் அது. "தங்கச்சின்னுதான் நினைக்கிறேன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறிவிட்டாள். நினைத்தால் ஆயிற்றா?

எங்கள் ஊரில் வீட்டுப் பிராணியை ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. தம்பியா, தங்கச்சியா என்றுதான் கேட்பார்கள். வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கும் அதே பேச்சுதான், டாக்டர் முதற்கொண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று நடந்த கூத்துக்கெல்லாம் அந்த வார்த்தைதான் காரணம்.

"அடியிலேருந்து பாருங்க சித்தி. நம்ம தோஹுவாவுக்கு ரெண்டு துவாரமும் பக்கத்துல பக்கத்துல, ஒட்டினாப்புல இருக்கும். அப்படி இருந்தா தங்கச்சி. நடுவுல இடம் விட்டிருந்தா தம்பி."

தோஹுவா அவளுடைய பழைய ஹாம்ஸ்டர். வெள்ளை வெளேரென்று இருக்கும். தங்கச்சி என்பதில் சந்தேகமே கிடையாது, வயிற்றில் இரண்டு வரிசையாகக் காம்பு தெரியும்.

"இதுக்கு எப்படி இருக்கு?"

"அதான் தெரியல. ஒரே முடி."

யாவென் கோப்பைக்குக் கீழே வாயை வைத்து உஃப் என்று ஊதினாள்.

"சித்தி! கோப்பைக்கு அடி மூடியிருக்கு! அங்க ஊதி என்ன ஆகப் போகுது?"

சொல்லிவிட்டு ரோச்சிங்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. யாவெனும் சிரித்தாள். இரண்டு பேரும் கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள்.

"இடம் விட்ட மாதிரியும் இருக்கு, விடாத மாதிரியும் இருக்கு" என்றாள் யாவென். "உங்கப்பாகிட்ட ஞாயித்துக்கிழமை வெளிய போலாமான்னு கேட்டா ஒரு பதில் வருமே, அது மாதிரி."

"இது தங்கச்சியா இருந்தா தோஹுவாவோட ஒரே கூண்டுல விட்டுப் பாப்பேன். சண்டை போட்டா பிரிச்சுடுவேன். பலகைதான் அடிக்க விடமாட்டீங்களே!"

குத்தல் நேராகப் போய்த் தைத்தது. யாவென் காட்டிக்கொள்ளவில்லை. "தம்பியா இருந்தா?"

"அய்யோ, விடவே கூடாது. வீடு முழுக்கக் குட்டியாயிடும். அது மட்டும் இல்ல, பயந்துச்சுன்னா பெத்த குட்டியையே தின்னுடும் தெரியுமா?"

யாவெனின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

"நான் இன்னைக்குக் கோயில் சந்தைப் பக்கம் போறேன். ஒரு வேலை இருக்கு. அங்க பிராணிக் கடைக்காரர்கிட்ட காட்டிட்டு வந்துடவா?"

"நிஜமாவா சித்தி?" ரோச்சிங் குதித்தாள். கோப்பைக்குள் லூதானும் குதித்தது.

அந்த 'ஒரு வேலை' என்ன என்று உங்களுக்குத் தெரியும். பெண்கள் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது.

மழை என்றால் கீலுங் மழை, அதோடு வடக்கேயிருந்து எலும்பைக் குடைகிற குளிர். பிராணிக் கடை இன்னும் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் யாவென், ஓட்டை போட்ட சாப்பாட்டு டப்பாவில் லூதானோடு கிளினிக்கிலேயே போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து கரகர, கரகர என்று சத்தம்.

பக்கத்திலிருந்த பெரிய வயிற்றுக்காரி திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இப்பவே இவ்வளவு துறுதுறுன்னு இருக்கா?"

"இல்லைங்க. இது வேற பிள்ளை" என்றாள் யாவென்.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். நர்ஸ் காகிதத்தைப் புரட்டிப் பார்த்து முகம் மலர்ந்தாள். "எல்லாம் நல்லா இருக்கும்மா. தங்கச்சி!"

யாவெனுக்கு முப்பத்தெட்டு வயதாகிறது. இனி தனக்கு இல்லை என்று ஒருமாதிரி சமாதானம் ஆகிப்போனவள். அவள் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். சந்தோஷத்தில் பையை மறந்து வாசல்வரை வந்துவிட்டு, திரும்ப ஓடிப்போய் எடுத்துக்கொண்டாள்.

அதற்குள் பிராணிக் கடை திறந்திருந்தது. கடைக்காரர் லூதானைப் புரட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஜில்லுன்னு இருக்கே! இந்தக் குளிர்ல தம்பியா இருந்தாலும் எல்லாத்தையும் உள்ள இழுத்துக்கும். பார்த்தா தங்கச்சி மாதிரியே இருக்கும். கதகதப்பான இடத்துல வச்சுட்டு அப்புறம் பாருங்க. அதுவரைக்கும் இன்னொண்ணோட விட்டுடாதீங்க."

இதை வீட்டுக்கு வந்ததும் ரோச்சிங்கிடம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லத்தான் வாயையும் திறந்தாள்.

"கடைக்காரர் என்ன சொன்னார்னா..."

போன் அடித்தது. போஹோங்!

"இதோ வந்துடறேன்" என்று டப்பாவை ரோச்சிங் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்துக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும்? ரோச்சிங் பூனை மாதிரி வந்து கதவில் காதை வைத்தாள்.

"ஆமாங்க, தங்கச்சிதான்! ...சந்தேகமே இல்ல, ரிப்போர்ட்லயே தெளிவா இருக்கு. ...அய்யோ, மெதுவாப் பேசுங்க, கிரேன்லேருந்து விழுந்துடப் போறீங்க! ...இல்ல இல்ல, ரோச்சிங்குக்கு இன்னும் சொல்லல. நீங்க வந்ததும் சேந்தே சொல்லலாம். சந்தோஷப்படுவாளா?"

சந்தோஷப்படுவாளாவா! ரோச்சிங்குக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. லூதான் தங்கச்சி! அப்பாவும் சித்தியும் சேர்ந்து தனக்குச் சொல்லப் போகிறார்கள்! ஹாம்ஸ்டரை எலி எலி என்று கேலி செய்கிற அப்பாகூட இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே! அவளுக்குச் சித்திமேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

தன் அறைக்கு ஓடினாள். தோஹுவாவுக்காக அங்கே ஹீட்டர் எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். கூண்டைத் திறந்தாள். லூதானை உள்ளே விட்டாள்.

போனில் புருஷனும் பெண்டாட்டியும் குழந்தைக்குப் பேர் வைக்கிறவரை போய்விட்டார்கள். இங்கே லூதானுக்குக் குளிர் விட்டது. முதலில் மூலையில் சுருண்டு கிடந்தது, பிறகு சோம்பல் முறித்தது, பிறகு தோஹுவாவைத் துரத்த ஆரம்பித்தது. சக்கரத்துக்குள் ஒரு சுற்று, குடிசைக்குள் ஒரு சுற்று. கீச் என்று தோஹுவா கத்தியது.

"ஏய், என்னடா ஆச்சு உங்களுக்கு?"

லூதான் திரும்பியபோது அவள் கண்ணில் பட்டது. வாலுக்குக் கீழே, காலையில் ஒன்றுமே இல்லாத இடத்தில், இரண்டு பயறு போலப் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

அவள் அலறவில்லை, கெட்டிக்காரி. கையை விட்டு லூதானை அள்ளி எடுத்தாள், கூண்டைச் சாத்தினாள், கோப்பையில் போட்டுத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் நன்றாக இடம் விட்டிருந்தது. தொப்புள் பக்கம், தம்பிகளுக்கு வருமே, அந்த மஞ்சள் கறை வேறு. தம்பி! சாட்சாத் தம்பி!

"சித்தீ...!"

யாவென் போனைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னாச்சு? கடிச்சுடுச்சா?"

"இது தம்பி! நல்லாப் பாருங்க, தம்பி! தோஹுவாவோட விட்டுட்டேன்! எவ்வளவு நேரம் துரத்துச்சு தெரியுமா?"

"ஐயையோ! ஏன் விட்டே? அதைச் சொல்றதுக்குத்தானே வந்தேன்!"

"நீங்கதானே தங்கச்சின்னு சொன்னீங்க!"

"நானா? எப்போ?"

"போன்ல! அப்பாகிட்ட! நான் கேட்டுட்டுதான் இருந்தேன். தங்கச்சிதான், சந்தேகமே இல்ல, ரிப்போர்ட்லயே..."

சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு அந்த இடத்தில் பேச்சு நின்றது.

யாவெனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"ரிப்போர்ட்" என்றாள் ரோச்சிங் மறுபடியும். "ஹாம்ஸ்டருக்கு எந்தக் கடையில ரிப்போர்ட் தர்றாங்க சித்தி?"

யாவெனின் கை மறுபடியும் வயிற்றுக்குப் போனதை ரோச்சிங் பார்த்தாள்.

"அதான் ஆணி அடிக்கக் கூடாதா? அதான் நீங்க காப்பியைத் தொடுறதில்லையா? அதான் அரிசி மூட்டையை அப்பாவே மாடிக்குத் தூக்குறாரா?"

"ரோச்சிங்... வருஷப் பிறப்பன்னைக்கு..."

"எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதுடா கண்ணு. எங்க அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. சத்தியமா."

ரோச்சிங் காதில் எதுவும் ஏறவில்லை. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோப்பை சாய்ந்தது. லூதான் தொப்பென்று மெத்தையில் விழுந்து, தரைக்குத் தாவி, ஒரே ஓட்டமாகத் துணி அலமாரிக்கு அடியில் போய் மறைந்துவிட்டது.

"லூதான்!"

அந்த அலமாரிக்குப் பின்னால் சுவரில் பழைய குழாய்த் துவாரம் ஒன்று இருக்கிறது. நேராக வெளியே, நான்காவது மாடியின் வெட்டவெளிக்கு. ரோச்சிங்குக்கு அது தெரியும். ஓடிப்போய் அலமாரியில் கையை வைத்துத் தள்ளினாள். போஹோங்கின் அப்பா காலத்து மர அலமாரி, இம்மியும் அசையவில்லை. காலை உதைத்துத் தள்ளினாள். கண்ணீர் கொட்டியது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை, லூதானுக்கா, மற்றதற்கா.

யாவென் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். மூன்று மாதமாக நாற்காலியைக்கூட நகர்த்தாதவள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். நேராக வந்து அலமாரிக்குத் தோளைக் கொடுத்தாள்.

"நகரு. நான் தள்றேன். ஒண்ணு, ரெண்டு..."

"தொடாதீங்க!"

ரோச்சிங் போட்ட சத்தம் அப்பா அன்று போட்ட சத்தத்தை விடப் பெரியது. சித்தியின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். "பைத்தியமா உங்களுக்கு? அலமாரியைத் தள்ளக் கூடாது! தங்கச்சிக்கு ஆகாது!"

சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது.

யாவென் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"நீங்க ஏன் அழுறீங்க?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதட்டினாள் ரோச்சிங். "நான் ஒண்ணும் சரின்னு சொல்லல. தங்கச்சியாவே இருந்தாலும் என் ரூமைத் தரமாட்டேன்."

"உன் ரூமை யாரு கேட்டா?"

"அம்மா வீட்டுலயும் யாரும் கேக்கல. ஒரு சனிக்கிழமை போனேன். என் கட்டில் இருந்த இடத்துல தொட்டில் இருந்துச்சு. நான் சோபால படுத்துக்கிட்டேன். அவ்வளவுதான்."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. போஹோங்குக்கே தெரியாது. ஏன் அப்புறம் தாவ்யுவான் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள் என்று அவரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டார், இந்தத் தொடரைப் படிக்கிற நீங்களும் எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டீர்கள். இதுதான் காரணம்.

இங்கே அப்படியெல்லாம் ஆகாது என்று யாவென் சொல்லலாம். அந்த அம்மாவும் அப்படித்தானே சொல்லியிருப்பாள்? யாவென் ரோச்சிங் பக்கத்தில் குப்புறப் படுத்து, அலமாரி அடியில் எட்டிப் பார்த்தாள். ரோச்சிங் பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி, துணி காயப்போடும் குச்சியால் குழாய்த் துவாரத்தை எட்டி அடைத்தாள். பிறகு ஒரு கை சூரியகாந்தி விதையைத் தரையில் பரப்பினாள்.

"வருமா?" என்று கிசுகிசுத்தாள் யாவென்.

"பசிச்சா வரும். நீங்க குப்புறப் படுக்காதீங்க சித்தி, எழுந்து உக்காருங்க."

அப்போது வாசல் கதவு படீரென்று திறந்தது.

"யாவென்! கதவைப் பிடி, கதவைப் பிடி!"

சொட்டச் சொட்ட நனைந்தபடி போஹோங். காதுவரை சிரிப்பு. வேலை முடிந்ததும் முடியாததுமாக நேராகக் கடைக்கு ஓடியிருக்கிறார் மனிதர். தன் உயரத்துக்கு ஒரு அட்டைப் பெட்டியை நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அறைக் கதவு வழியே மகளைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே உறைந்துபோயிற்று.

"நீ... நீ இங்கதான் இருக்கியா? இது வந்து... உனக்குத்தான். கூண்டு வைக்க அலமாரி."

ரோச்சிங் பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, பெட்டி மேல தொட்டில்ல படுத்திருக்கிற பாப்பா படம் போட்டிருக்கு."

போஹோங் மனைவியைப் பார்த்தார். அழுது சிவந்த கண்ணோடு அவள் மெல்லத் தலையசைத்தாள். பெட்டியை வாசல்படியில் இறக்கினார். அதிலிருந்து தண்ணீர் ஓடிக் கூடத்துக்குள் வந்தது.

"எங்க வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள் ரோச்சிங்.

அவர் வாயைத் திறந்தார். யாவென் சட்டென்று எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க இன்னும் முடிவு பண்ணல" என்றாள். "நீயே சொல்லு ரோச்சிங். எங்க வைக்கலாம்?"

ரோச்சிங் சித்தியைப் பார்த்தாள். நெற்றியிலும் மூக்கிலும் அலமாரியடித் தூசி. விளையாட்டுக்குக் கேட்கிற முகமாகத் தெரியவில்லை.

அவள் எழுந்து வந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"முதல்ல உள்ள கொண்டுவாங்க, நனையுது. சித்தி, நீங்க தொடக் கூடாது. அப்பா, அந்தப் பக்கம் பிடிங்க." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "எங்க வைக்கிறதுன்னு நான் நல்லா யோசிச்சுட்டு சொல்றேன். அதுவரைக்கும் யாரும் பிரிக்கக் கூடாது."

"சரிங்க" என்றார் போஹோங்.